உல்லாசக் கப்பலுக்குச் சொந்த வைன் கொண்டுபோவது எப்படி: வன்னியிலிருந்து புறப்படுவோருக்கு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில் விமானச் சீட்டுப் போட்டுக் கொடுப்பதும் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் என் தொழில். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் அறுபதாம் கலியாணம், பேத்தியின் பிறந்தநாள் என்று உல்லாசக் கப்பலில் அறை எடுத்து அம்மா அப்பாவைக் கூப்பிடுகிறார்கள். எல்லாம் பேசி முடிந்த பிறகு ஒரு வசனம் வரும்: "கப்பலுக்குள்ளை வைன் விலை சரியான கூட அப்பா, வரேக்கை ரெண்டு போத்தல் கொண்டு வாங்கோ."

அந்த வசனத்தை நம்பிப் போத்தலோடு போனவர்கள் பட்ட பாட்டை நிறையக் கேட்டிருக்கிறேன். என் குடும்பத்தோடு போனபோது நானும் பட்டேன். சிக்கலின் வேர் ஒன்றுதான். விமானத்தில் போத்தல் கீழே போகும் பெரிய பெட்டிக்குள் இருக்கவேண்டும். கப்பலில் ஏறும்போது அதே போத்தல் கைப்பையில் இருக்கவேண்டும். இந்த இடமாற்றத்தை மறந்தவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் செய்யுங்கள்.

1. வாங்குவதற்கு முதல் கப்பலின் விதியைப் படியுங்கள்

"கப்பலில் ஒரு போத்தல் விடுவார்கள்" என்பது பொதுவிதி இல்லை. கம்பனிக்குக் கம்பனி மாறும்.

றோயல் கரீபியனில் குடிக்கும் வயது வந்த ஒவ்வொருவரும் 750 மில்லிலீற்றர் வைன் அல்லது ஷாம்பெய்ன் ஒரு போத்தல் கொண்டுபோகலாம். ஏறும் நாளில் மட்டும், கைப்பையில் மட்டும். கார்னிவலிலும் பிரின்செஸிலும் ஏறக்குறைய இதே கணக்கு. நோர்வீஜியனில் எண்ணிக்கைத் தடை இல்லை, ஆனால் 750 மில்லி போத்தலுக்கு 15 டொலர், ஒன்றரை லீற்றர் போத்தலுக்கு 30 டொலர் கட்டவேண்டும். அறைக்குள் இருந்து குடித்தாலும் அந்தக் காசு உண்டு. எம்எஸ்சி கப்பல்களில் வெளி மதுவுக்கு இடமே இல்லை.

இந்த விதிகளை அவர்கள் அடிக்கடி மாற்றுவார்கள். ஆகவே பிள்ளையிடம் கப்பலின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். முன்பதிவுக் கடிதத்தில் மதுவைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். போன வருடம் போய்வந்த மச்சாள் சொன்ன கதை இந்த வருடத்துக்கு உதவாது.

இன்னொன்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள்: பிள்ளைகள் பானப் பொதி, அதாவது நாளுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு வேண்டியதைக் குடிக்கும் திட்டம், எடுத்திருக்கிறார்களா? எடுத்திருந்தால் நீங்கள் போத்தல் காவவேண்டிய தேவையே இல்லை. மதுவும் சேர்ந்த பொதி என்றால் வைன் கிளாசும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். இரண்டுக்கும் செலவழித்துவிட்டு வந்த குடும்பங்களும் உண்டு.

2. எத்தனை பேர், எத்தனை போத்தல் என்று எண்ணுங்கள்

கணக்கு ஆளுக்கு, குடும்பத்துக்கு இல்லை. வயதும் கப்பல் புறப்படும் இடத்தைப் பொறுத்தது. றோயல் கரீபியனில் வட அமெரிக்காவிலிருந்து புறப்பட்டால் 21, ஆசியா, ஐரோப்பா, அவுஸ்திரேலியாவிலிருந்து என்றால் 18. அமெரிக்காவின் மயாமியில் ஏறும் 19 வயதுப் பேரனின் பெயரில் போத்தல் எண்ணக்கூடாது.

குடிக்காத அம்மாவுக்கும் ஒரு போத்தல் உரிமை உண்டு. இதைச் சொன்னதும் கடையில் ஒரு அம்மா, "நானோ தம்பி போத்தல் காவுறது? ஆரும் கண்டால்?" என்று முந்தானையால் வாயைப் பொத்தினா. ஆனால் இரண்டு போத்தலையும் அப்பாவின் பையில் வைத்தால் ஸ்கானரில் ஒரே பையில் இரண்டு தெரியும், நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். ஆளுக்கொரு பையில் ஒவ்வொன்று இருந்தால் கேள்வியே வராது. அம்மாவைச் சம்மதிக்க வைப்பது உங்கள் பாடு.

3. எது வைன், எது இல்லை

ஊரிலிருந்து போகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

சாராயம், விஸ்கி, பிரண்டி: வைன் சலுகை உள்ள பெரும்பாலான கப்பல்களிலும் இவை முற்றாகத் தடை. பியரும் அப்படித்தான். போத்தலில் அடைத்து விற்கும் பனங்கள்ளு கொண்டுபோனால், அது வைனைப் போல மென்மையான சாமான் என்று துறைமுகத்து உத்தியோகத்தருக்கு நீங்கள் விளங்கப்படுத்த முடியாது.

தொழிற்சாலையில் மூடி, முத்திரை உடையாத கண்ணாடிப் போத்தல்தான் செல்லும். பழைய போத்தலில் ஊற்றிய வீட்டுத் திராட்சை வைன் எவ்வளவு நல்லதென்றாலும் ஏறாது. கடதாசிப் பெட்டியில் வரும் வைனையும் பல கம்பனிகள் ஏற்பதில்லை.

நெல்லிரசம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதில் மது இல்லை, ஆகவே வைன் கணக்கில் வராது. ஆனால் மதுவில்லாப் பானத்துக்கும் தனி விதி இருக்கிறது. கார்னிவலில் அவை தகரப் பேணியிலோ கடதாசிப் பெட்டியிலோதான் இருக்கலாம், போத்தல் கூடாது. நெல்லிரசத்தைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், கப்பலுக்கு வேண்டாம்.

தண்ணிப் போத்தலிலோ வாய் கொப்பளிக்கும் மருந்துப் போத்தலிலோ சாராயத்தை ஊற்றிக்கொண்டு போகும் கெட்டித்தனத்தைக் கைவிடுங்கள். அந்த வித்தையெல்லாம் அவர்களுக்குப் பழசு. போத்தல் போனால் பரவாயில்லை. விதியை மீறியவரைக் கப்பலில் ஏற்றாமல் விடவும் இறக்கிவிடவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

4. எங்கே வாங்குவது

ஊரில் வாங்காதீர்கள். "வைன் ஸ்டோர்ஸ்" என்று பலகை போட்ட கடைக்குள் போனால் இருப்பது பெரும்பாலும் சாராயமும் பியரும். வைன் இருந்தாலும் எத்தனை மாதம் வெக்கையில் கிடந்தது என்று தெரியாது. பிறகு கொழும்புப் பக்கம் போகும் ஏ9 வீதியால் வான் வண்டியில் ஒரு இரவுப் பயணம், இடையில் நிறுத்தும் இடங்களில் மூடிய வண்டியின் சூடு. சூடு பட்ட வைன் சுவை கெட்டுவிடும், தக்கை மேலே தள்ளிக் கசியவும் கூடும். பயணம் போயாவை, அதாவது பௌர்ணமி விடுமுறையை, ஒட்டி வந்தால் அன்றைக்கு மதுக்கடையே திறக்காது.

என்னுடைய முடிவு: கப்பலுக்கு எவ்வளவு கிட்ட வாங்க முடியுமோ அவ்வளவு கிட்ட வாங்குங்கள். எங்கே என்பது புறப்படும் துறைமுகத்தைப் பொறுத்தது.

மயாமி, சௌதாம்ப்டன் என்றால் கதை சுலபம். புளோரிடாவிலும் இங்கிலாந்திலும் சுப்பர் மார்க்கெட்டிலேயே வைன் கிடைக்கும், விலையும் கப்பலை விடக் குறைவு. பிள்ளைகள் துறைமுகத்துக்கு வரும் வழியில் வாங்கட்டும். நீங்கள் கைவீசிக்கொண்டு போங்கள்.

சிங்கப்பூர் அப்படி இல்லை. அங்கே மதுவுக்கு வரி கடுமை, கடையில் வைன் விலை கூட. அதோடு இரவு 10.30 மணி தொடக்கம் காலை 7 மணி வரை கடைகளில் மது விற்கத் தடை. முதல்நாள் இரவு பிந்திப் போய் இறங்கி "இனி வாங்குவம்" என்று நினைத்தவர்கள் வெறுங்கையோடு கப்பல் ஏறியிருக்கிறார்கள். சிங்கப்பூருக்கு நல்ல வழி, சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் பெட்டி எடுக்கும் இடத்தில் இருக்கும் வரியில்லாக் கடை. அங்கே வாங்கினால் அதற்குப் பிறகு விமானம் இல்லை, உடைவு இல்லை, பொதி நிறையும் இல்லை.

சாங்கியில் வரியில்லாமல் கொண்டுபோகக்கூடியது மொத்தம் 2 லீற்றர். முழுவதையும் வைனாக எடுக்கலாம், ஆகவே 750 மில்லி போத்தல் இரண்டு அடங்கும். 18 வயது ஆகியிருக்கவேண்டும், சிங்கப்பூருக்கு வெளியே 48 மணித்தியாலமாவது இருந்திருக்கவேண்டும், மலேசியாவிலிருந்து வந்திருக்கக் கூடாது. கொழும்பிலிருந்து நேரே போகிறவர்களுக்கு இது மூன்றும் பொருந்தும்.

இடையில் ஒரு சொல்: வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்கள் சிங்கப்பூருக்கு அந்தப் பொட்டலத்தைக் கொண்டுபோகவேண்டாம். சப்பும் புகையிலை அங்கே தடை. சிகரெட்டுக்கு ஒரு பெட்டிக்குக்கூட வரிச்சலுகை இல்லை. வைனைப் பார்த்துப் பார்த்துக் கொண்டுபோய்ப் புகையிலையில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

5. ஊரிலிருந்துதான் கொண்டுபோகவேண்டும் என்றால்

சிலருக்குக் காரணம் இருக்கும். யாரோ பரிசாகத் தந்த போத்தல், மகனின் கலியாணத்தில் எடுத்துவைத்த போத்தல். சரி, பொதி செய்வது இப்படி.

போத்தலின் மூடியைச் சுற்றி ஒட்டுத்தாள் சுற்றுங்கள், முத்திரை மறையாமல். பிறகு பொலித்தீன் பையில் போட்டு முடியுங்கள், அதற்கு மேல் இன்னொரு பை. அதன் பிறகு சாரத்தில் நாலு சுற்று. பெட்டியின் நடுவில், எல்லாப் பக்கமும் துணி வரும்படி வையுங்கள். ஓரத்தில் வைத்தால் பெட்டியை எறியும் அடி நேரே கண்ணாடியில் விழும்.

மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் அதே பெட்டியில் இருக்கக்கூடாது. எங்கள் பக்கத்து அம்மாமார் வறுத்து இடித்த தூள் இரண்டு கிலோ இல்லாமல் வெளிநாடு போவதில்லை. உடைந்த வைன் தூளில் ஊறிப் பெட்டியிலிருந்த பட்டுச்சேலை வரை பரவிய ஒரு பெட்டியை நான் படத்தில் பார்த்தேன். சேலையின் முந்தைய நிறம் என்னவென்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நிறையையும் கணக்கில் எடுங்கள். நிரம்பிய வைன் போத்தல் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ வரும், ஷாம்பெய்ன் இன்னும் கூட. தக்கை போத்தலை விடத் திருகுமூடிப் போத்தல் நல்லது, திறப்பானுக்கு அலையவேண்டியதில்லை. கூர்க்கத்தி உள்ள திறப்பானை விமானத்தின் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

6. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து இறங்கும் நாடு வரை

கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் செல்லாது என்பதால் போத்தல் பெரிய பெட்டிக்குள்தான் போகவேண்டும். வைனில் மதுச்செறிவு 24 சதவீதத்துக்குக் குறைவு. ஆகவே பெட்டிக்குள் வைக்க விமானப் பாதுகாப்பு விதி அளவு எதுவும் சொல்லாது. இறங்கும் நாட்டின் சுங்கம்தான் அளவு சொல்லும். கனடாவுக்கு வைன் என்றால் ஒன்றரை லீற்றர், அதாவது சரியாக இரண்டு போத்தல். அமெரிக்காவுக்கு 21 வயதானவருக்கு ஒரு லீற்றர், அதாவது ஒரு போத்தல். அவுஸ்திரேலியாவுக்கு 2.25 லீற்றர். அளவு கூடினால் படிவத்தில் எழுதுங்கள். எழுதினால் வரியோடு முடியும், ஒளித்தால் அபராதம் வரும்.

கட்டுநாயக்கா வரியில்லாக் கடையில் வாங்கினால் பற்றுச்சீட்டோடு முத்திரைப் பையில் போட்டுத் தருவார்கள். கடைசி இடம் போகும்வரை அந்தப் பையைத் திறக்காதீர்கள். சும்மா பார்க்கத் திறந்தாலும் அடுத்த சோதனையில் போத்தல் போய்விடும். வழியில் விமானம் மாறி, பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கும் இடம் வந்தால், கையிலிருக்கும் போத்தலை அங்கே பெட்டிக்குள் மாற்றிவிடுங்கள்.

7. கப்பலுக்கு முதல்நாள் இரவு: போத்தலை இடம் மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் ஞாபகம் வைப்பேன் என்றால் இதை வையுங்கள்.

துறைமுக வாசலில் இறங்கியதும் சுமைகாரர் வந்து பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவை உங்களோடு வராது, பின்னேரம் அறை வாசலுக்கு வந்து சேரும். இடையில் எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணுவார்கள். பெட்டிக்குள் போத்தல் தெரிந்தால் அந்தப் பெட்டி அறைக்கு வராது, பாதுகாப்புப் பிரிவில் தங்கிவிடும்.

எங்கள் பயணத்தில் மாமாவின் பெட்டிக்கு இதுதான் நடந்தது. விமானத்துக்குச் சாரத்தில் சுற்றி வைத்த போத்தல் அப்படியே கிடந்தது. வாசலில் பெட்டியைக் கொடுக்கும்போதுகூட மாமா பெருமையாய்ச் சொன்னார், "போத்தல் உள்ளுக்குப் பத்திரமாய்க் கிடக்கு தம்பி." எனக்கும் உறைக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உடுத்திக்கொண்டு போக, மாமா பயணத்தில் போட்ட கசங்கிய சேட்டோடு இருந்தார். சேட்டு பெரிய விஷயமில்லை, பிறஷர் குளிசையும் அந்தப் பெட்டிக்குள். இரவு ஒன்பது மணிக்குக் கீழ்த்தளத்தில் வரிசையில் நின்று, அவர்கள் முன்னால் பெட்டியைத் திறந்து காட்டி எடுத்தோம். கைப்பையில் வந்திருந்தால் அனுமதிக்கப்பட்டிருக்கும் போத்தலைப் பெட்டியில் வந்ததால் பிடித்து வைத்துக்கொண்டார்கள், கடைசி நாள்தான் தந்தார்கள்.

ஆகவே ஹோட்டலில் படுக்கப் போவதற்கு முதல் மூன்று சாமானைக் கைப்பைக்கு மாற்றுங்கள்: போத்தல், ஒரு நாளைக்கான மருந்து, மாற்றுடுப்பு ஒன்று. காலையில் செய்யலாம் என்று விடவேண்டாம். காலையில் டாக்சி வந்து நிற்கும், பேரப்பிள்ளை ஒரு சப்பாத்தைத் தேடும், போத்தல் ஞாபகத்தில் இருக்காது. கைப்பையில் நிமிர்த்தி, துவாயில் சுற்றி வையுங்கள். பெட்டியைக் கொடுக்கும் இடத்தில் ஒரு தடவை கையால் தொட்டுப் பாருங்கள்.

8. துறைமுக ஸ்கானரில்

விமான நிலையத்தைப் போலத்தான் இருக்கும், ஆனால் திரவத்துக்கு 100 மில்லிக் கட்டுப்பாடு இல்லை. இதை முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். விமான நிலையப் பழக்கத்தில் பயந்துபோய்ப் போத்தலைக் குப்பைத்தொட்டியில் போட்ட ஒரு ஐயா இருக்கிறார்.

பையை நிறுத்தினால் பதறவேண்டாம். "வைன், வன் போட்டில்" என்றால் போதும். காசு வாங்கும் கப்பலானால் அங்கேயோ அறைக் கணக்கிலோ எழுதிப் போத்தலில் ஒரு அட்டை கட்டுவார்கள். அந்த அட்டையைக் கழற்றாதீர்கள், காசு கட்டியதற்கு அதுதான் சாட்சி.

9. கப்பலுக்குள் எங்கே திறப்பது

ஒரு போத்தல் சலுகை உள்ள பெரும்பாலான கப்பல்களில் அறையில் திறந்தால் செலவில்லை. திறப்பானும் கிளாசும் அறைப் பணியாளரிடம் கேட்டால் கொண்டுவந்து தருவார்.

சாப்பாட்டு மண்டபத்துக்குக் கொண்டுபோனால் பல கப்பல்களில் திறப்புக்கூலி கேட்பார்கள். கார்னிவலில் அது 15 டொலர். பத்து டொலர் போத்தலுக்குப் பதினைந்து டொலர் கொடுத்துத் திறப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் கப்பலில் வாங்கும் வைனுக்கு விலைக்கு மேல் 18 அல்லது 20 சதவீதம் சேவைக் கட்டணமும் ஏறும். ஆகவே நல்ல போத்தல் கொண்டுபோனவருக்கு அந்தக் கூலி கட்டுபடியாகும். மலிவுப் போத்தலை அறை பல்கனியில் கடலைப் பார்த்துக்கொண்டு குடியுங்கள்.

மேசையில் பாதிதான் முடிந்ததென்றால் பரிசாரகரிடம் சொல்லுங்கள். மூடி, அறை இலக்கம் எழுதி வைத்து அடுத்த இரவு கொண்டுவருவார்கள்.

10. வழித் துறைமுகத்தில் வாங்கிய போத்தல்

ஏறும் நாள் சலுகை ஏறும் நாளோடு முடிந்தது. இடையில் இறங்கிய ஊரில் வாங்கியதைத் திரும்பி ஏறும்போது பெரும்பாலான கப்பல்களில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், கப்பலின் கடையில் வாங்கிய மதுவையும் அப்படித்தான். பற்றுச்சீட்டுத் தருவார்கள், அதைத் தொலைக்காதீர்கள். கடைசி இரவோ இறங்கும் காலையோ திரும்பக் கிடைக்கும். குடிக்க வாங்கினேன் என்று சண்டை பிடித்துப் பயனில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகும் சாமானாக நினைத்து வாங்குங்கள்.

11. இறங்கும் நாள்

கடைசி இரவு பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். போத்தல் காலையில்தான் கைக்கு வரும் என்றால் பெட்டி ஏற்கெனவே போயிருக்கும். பதற்றம் வேண்டாம். போத்தலைக் கையில் கொண்டு இறங்குங்கள், பெட்டியைத் துறைமுக மண்டபத்தில் எடுத்ததும் அங்கேயே திறந்து உள்ளே வையுங்கள். சாரத்தையும் பொலித்தீன் பையையும் கைப்பையில் தயாராக வைத்திருங்கள். விமான நிலைய வரிசையில் நின்றுகொண்டு சுற்ற முடியாது.

சிங்கப்பூரிலிருந்து மலேசியா போய்த் திரும்பும் மூன்று நாலு இரவுப் பயணங்களில் கடைசித் துறைமுகம் மலேசியாவாக இருந்தால், சிங்கப்பூரில் இறங்கும்போது மதுவுக்கு வரிச்சலுகை கிடைக்காது. கப்பல் கடையில் மலிவென்று வாங்கிய போத்தலுக்கு அங்கே வரி கட்டவேண்டி வரும். ஊருக்குப் போத்தல் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், அதைச் சாங்கியில் கொழும்பு விமானம் ஏறும்போது வாங்குங்கள். முத்திரைப் பையிலேயே கட்டுநாயக்கா வந்து சேரும்.